மிளகுக் குப்பி எங்கே நிற்க வேண்டும்

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் வரைக்கும் வெர்லீன் ஹாட்ச்சருக்குக் கால்பந்து, அதாவது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து, என்றாலே ஆகாது. அலபாமாவில் பிறந்து, அலபாமாவிலேயே பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டு, அதுவும் ஒரு கால்பந்துக் கோச்சுக்கு வாழ்க்கைப்பட்டு, இப்படியும் ஒருத்தி இருக்க முடியுமா என்று ஹார்லன் ஃபெரி ஊரில் கேட்காத ஆள் இல்லை. முடியும் என்று அவள் இருந்து காட்டினாள். சனிக்கிழமைகளில் ஊரே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தும்போது, அவள் தன் தங்கை ஓலாவோடு ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பாள். அன்றைக்குத்தான் ஆற்றில் கூட்டமிருக்காது என்பது அவள் கணக்கு. ஒரே ஒரு முறை கணவரின் பள்ளி ஆட்டத்துக்குப் போய், எதிரணிக்காரன் பந்தை அணைத்துக்கொண்டு அறுபது கஜம் ஓடியதைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டிவிட்டாள். அதற்கப்புறம் அவளை யாரும் கூப்பிடவில்லை.

கணவர் குரோவர் ஹாட்ச்சர், உயர்நிலைப் பள்ளி அணிக்கு இருபத்தாறு வருஷம் தடுப்பாட்டக் கோச்சாக இருந்தவர். ஊரில் பாதிப்பேருக்கு அவருடைய பெயரே மறந்துபோய், கோச் என்பதுதான் பெயராக நின்றுவிட்டது. முந்தின வருஷம் அக்டோபரில், மைதானத்துக்கு வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். வலது கை போயிற்று, கால் பாதி தேறியது, பேச்சு போயிற்று. புத்தியில் ஒரு குறையும் இல்லை. கேட்பது புரியும், நினைவு அப்படியே இருக்கும், ஆனால் வாயில் வருவது ஒரே ஒரு சொல். "இல்ல." காபி வேண்டுமென்றாலும் இல்ல, வேண்டாமென்றாலும் இல்ல. இழுத்துச் சொன்னால் ஆமாம், வெட்டிச் சொன்னால் வேண்டாம் என்று வெர்லீன் ஆறு வாரத்தில் பிடித்துக்கொண்டாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "அவருக்குப் பிடிச்சதைப் பத்தியே பேசுங்க, அதுல இருந்துதான் வார்த்தை வரும்" என்றாள். அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. வெர்லீன் பரணிலிருந்து அவருடைய பழைய நோட்டுகளை இறக்கினாள். பக்கத்துக்குப் பக்கம் வட்டமும் பெருக்கல் குறியும் அம்புக்குறியும். வட்டம் பந்து வைத்திருக்கும் அணி, பெருக்கல் குறி தடுக்கும் அணி என்று கண்டுபிடிக்கவே அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. பிறகு பதிவு செய்த ஆட்டங்களைப் போட்டு, நிறுத்தி, திருப்பி ஓட்டி, "இவன் ஏன் இங்க நிக்கிறான்?" என்று அவரைக் கேட்பாள். அவர் இடது கையால் நோட்டில் காட்டுவார். வார்த்தை ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒரு வருஷத்தில் வெர்லீனுக்கு ஆட்டம் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமைகளில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கியதும் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு, அவரை நெல்லின் உணவகத்துக்குக் கூட்டிப்போவாள். சன்னலோர மேசையில் ராய்ஸ் டென்ட்டும் ஓடிஸ் பில்லப்ஸும் இருப்பார்கள். ராய்ஸ் இரும்புச் சாமான் கடைக்காரன், நாற்பது வயது, குரோவரிடம் ஆடியவன். ஓடிஸ் ஓய்வு பெற்ற தபால்காரர், குரோவரின் வயதுக்காரர். குரோவர் மேசையிலிருக்கும் சர்க்கரைப் பொட்டலம், பால் கிண்ணி, உப்பு, மிளகுக் குப்பிகளை நகர்த்தி நகர்த்தி அணி வகுப்பார். வெர்லீன் அதைப் பார்த்து வாயால் சொல்வாள். "கோச் என்ன சொல்றார், மிஸ் வெர்லீன்?" என்பதுதான், ஊர் மரியாதைப்படி மிஸ் போட்டு, அந்த மேசையில் அவளிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி.

அந்த வருஷம் டால்பர்ட் ஸ்டேட் கல்லூரி, ஊர்க்காரர்கள் உயிரை விடும் அணி, முதல் தடவையாக அரையிறுதிவரை வந்துவிட்டது. புத்தாண்டன்று அட்லாண்டாவில் ஆட்டம். எதிரணி வடக்கேயிருந்து வரும் வின்ஃபீல்ட். அவர்களுடைய குவார்ட்டர்பேக், பந்தை எறிகிறவன், நாலாம் நம்பர் சட்டை. எறிவதைவிட ஓடுவதுதான் அவனிடம் பயம். அவனை எப்படி மடக்குவது என்று அலபாமா முழுக்கப் பேச்சு. டிசம்பர் முப்பதாம் தேதி நெல்லின் கடையிலும் அதே பேச்சுதான்.

"ஏழு பேரை அவுத்து விடணும்" என்றான் ராய்ஸ், வாயில் பன்றிக்கறிக் குழம்பில் முக்கிய மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியோடு. "பந்து அவன் கைக்கு வர்றதுக்குள்ள நம்ம ஆளுங்க அவன் மடியில உக்காந்திருக்கணும்."

"ஏழு பேர் முன்னால போயிட்டா பின்னால யாரு காவல்? உன் மச்சானா?" என்றார் ஓடிஸ். "அவன் என்ன மரமா, வெட்ட வர்ற வரைக்கும் நிக்க? நழுவிடுவான்டா. நழுவினா முப்பது கஜம்."

"அப்போ உங்கள மாதிரி ஒவ்வொரு வாசலா நின்னு நின்னு போகணுமா? தபாலா குடுக்கறோம்?"

"முப்பது வருஷம் தபால் குடுத்தேன். ஒரு நாய்கூட என்னை நேரா வந்து கடிச்சதில்ல. எல்லாம் பக்கவாட்டுலதான் வந்துச்சு. அதை நெனச்சுக்கிட்டு பேசு."

காபி ஊற்ற வந்த நெல், "ரெண்டு பேரும் கத்தாதீங்க, அந்த மேசையில பாதிரியார் சாப்பிடறார்" என்றாள். பாதிரியார் அங்கிருந்தே, "ஏழு வேண்டாம் ராய்ஸ், அஞ்சு போதும்" என்றார்.

ராய்ஸ் குரோவர் பக்கம் திரும்பினான். "கோச் என்ன சொல்றார், மிஸ் வெர்லீன்?"

குரோவர் ஏற்கெனவே வகுத்து முடித்திருந்தார். சர்க்கரைப் பொட்டலங்கள் எதிரணி. அவற்றுக்குப் பின்னால் உப்புக் குப்பி, அதுதான் நாலாம் நம்பர். எதிரே நான்கு பால் கிண்ணிகள். அவற்றுக்குப் பின்னால், நட்ட நடுவில், மிளகுக் குப்பி.

"நாலு பேர் மட்டும் முன்னால போகணும்" என்றாள் வெர்லீன். "மத்தவங்க பின்னால. இந்த மிளகு இருக்கே, இவனுக்கு வேற வேலையே கிடையாது. நாலாம் நம்பரையே பாத்துக்கிட்டு நடுவுல நிக்கணும். அவன் எங்க போறானோ இவனும் அங்க."

"ஆகா, அதான் கோச்" என்றார் ஓடிஸ். "அதுதான் சரி" என்றான், ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஏழு பேரை அவிழ்த்து விட்ட ராய்ஸ்.

வழக்கமாக அத்தோடு முடியும். அன்றைக்கு வெர்லீன் வாயை மூடவில்லை.

"இது அவர் சொல்றது. நான் சொல்றது வேற."

ராய்ஸின் முள்கரண்டி பாதியில் நின்றது. குரோவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அவனோட ஆறு ஆட்டம் போட்டுப் பாத்தேன்" என்றாள் அவள். "நெருக்கினதும் முப்பத்தெட்டு தடவை கூட்டத்த விட்டு வெளிய ஓடியிருக்கான். முப்பத்தொண்ணு தடவை அவனோட வலது கைப்பக்கம். இடது பக்கம் போக வச்சா அவனுக்குக் கால் பின்னுது, எறியவும் வரல. அப்புறம் எதுக்கு நடுவுல ஒருத்தன்? வலது பக்கத்த அடைச்சு வச்சிட்டா போதும்." மிளகுக் குப்பியை எடுத்து, உப்புக் குப்பியின் வலது கைப்பக்கமாக, பொட்டல வரிசைக்கு வெளியே வைத்தாள். "இருபத்தேழு வருஷமா கண்ணாடியில பிள்ளைங்களப் பாத்துக்கிட்டே வண்டி ஓட்டறேன். சேட்டை பண்ணப்போற பிள்ளை எந்தப் பக்கம் சாயும்னு அது எழுந்திரிக்கும் முன்னாடியே எனக்குத் தெரியும்."

குரோவர் இடது கையை நீட்டி மிளகை நடுவுக்கு இழுத்தார். "இல்ல."

அவள் மறுபடி ஓரத்தில் வைத்தாள்.

"இல்ல." மறுபடி நடுவு.

நான்காவது தடவை கை மோதி உப்புக் குப்பி கவிழ்ந்து மேசையெல்லாம் கொட்டியது. குரோவரின் முகம் கழுத்துவரை சிவந்தது. "இல்ல! இல்ல! இல்ல!" உணவகமே திரும்பிப் பார்த்தது.

"விட்டுடுங்க மிஸ் வெர்லீன்" என்றார் ஓடிஸ், தாழ்ந்த குரலில். "அவர் உடம்புக்கு ஏதாவது ஆயிடப்போகுது."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல, ஓடிஸ். அவர் சொல்றது தப்பு, அவ்வளவுதான்."

குரோவர் எழுந்தார். அவள் கொடுத்த கையைப் பிடிக்காமல், ஊன்றுகோலை ஊன்றி, கதவைத் தானே தோளால் தள்ளிக்கொண்டு வண்டிவரை நடந்தார். படியில் ஒரு முறை தடுமாறினார். ராய்ஸ் ஓடப்போனான். வெர்லீன் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

வெர்லீன் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாள். அவர் விழுந்ததிலிருந்து பதினாலு மாசமாக ஊரில் யாரும் அவரோடு சண்டை போட்டதில்லை. எதைக் காட்டினாலும் சரி கோச், ஆமாம் கோச். அவளும் அப்படித்தான் இருந்தாள். இன்றைக்கு ஏன் முடியவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. எண்ணிய கணக்கு கையில் இருந்தது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் குரோவர் நேரே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து ஊன்றுகோலால் திரையைத் தட்டினார். ஆட்டங்களைப் போடு என்று அர்த்தம். போட்டாள். மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, இடது கையில் பென்சில் பிடித்து, நாலாம் நம்பர் ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஒரு கோடு கிழித்தார். ஆறு ஆட்டம். நடுவில் அவள் கொண்டுவந்து வைத்த சூப் ஆறிப்போயிற்று. சாயங்காலம் நோட்டை அவளிடம் நீட்டினார். வலது பக்கத்தில் முப்பது கோடு. ஒரு இடத்தில் திரையை நிறுத்தி, பென்சிலால் குத்திக் குத்திக் காட்டினார். அது நெருக்கடியில் ஓடியது அல்ல, முன்கூட்டியே போட்ட திட்டம். அவள் கணக்கில் ஒன்று தப்பு.

"சரி, முப்பது" என்றாள் வெர்லீன். "முப்பதும் நிறையதான்."

குரோவரின் தோள் குலுங்கியது. முதலில் அவள் பயந்துபோனாள். அப்புறம்தான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

புத்தாண்டன்று ராய்ஸும் ஓடிஸும் அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ராய்ஸ் புகையில் வாட்டிய பன்றிக்கறி கொண்டுவந்தான். வருஷம் நன்றாக இருக்க வேண்டுமே என்று வெர்லீன் காராமணியும் கீரையும் சமைத்திருந்தாள். மேசையில் குரோவர் குப்பிகளை அணி வகுத்திருந்தார். மிளகு இரண்டு இருந்தது. ஒன்று நடுவில், ஒன்று ஓரத்தில். இரண்டாவதை அவரே அடுப்படியிலிருந்து எடுத்து வந்திருந்தார்.

டால்பர்ட் கோச் குரோவர் சொன்னதையும் செய்யவில்லை, வெர்லீன் சொன்னதையும் செய்யவில்லை. ராய்ஸ் சொன்னபடி ஆளை அவிழ்த்து விட்டார். நாலாம் நம்பர் ஒவ்வொரு முறையும் வலது பக்கம் நழுவி, எறிந்தும் ஓடியும் பாதி ஆட்டத்துக்குள் பதினேழு புள்ளி சேர்த்துவிட்டான். டால்பர்ட் மூன்று.

"பேசாதே" என்றார் ஓடிஸ். "நான் ஒண்ணும் பேசலையே" என்றான் ராய்ஸ்.

இடைவேளைக்குப் பிறகு டால்பர்ட் ஒரு லைன்பேக்கரை, தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்பவனை, வெளியே, நாலாம் நம்பரின் வலது பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. முதலில் பார்த்தது குரோவர்தான். திரையைக் காட்டி, வெர்லீனைக் காட்டினார். நாலாம் நம்பர் வலது பக்கம் வந்தான், திரும்பினான், இடது பக்கம் ஓடினான், விழுந்தான். மறுபடி அதே. மூன்றாம் கால் பகுதி முழுக்க வின்ஃபீல்ட் ஒரு புள்ளி எடுக்கவில்லை. டால்பர்ட் ஒரு டச்டவுனில் ஏழு புள்ளி, பிறகு மூன்று, பிறகு இன்னும் மூன்று. பதினேழுக்குப் பதினாறு. ராய்ஸ் வெர்லீனின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

நான்கு நிமிஷம் இருக்கும்போது வின்ஃபீல்டுக்கு மூன்றாம் முயற்சி, எட்டு கஜம் கடக்காவிட்டால் பந்தை டால்பர்ட்டுக்கு விட வேண்டியதுதான். நாலாம் நம்பர் வலது பக்கம் பார்த்தான். ஆள் நின்றான். இடது பக்கம் திரும்பவில்லை. நேரே நட்ட நடுவில் புகுந்தான். அங்கே ஒருவரும் இல்லை. இருபத்திரண்டு கஜம்.

குரோவர் நடுவிலிருந்த மிளகுக் குப்பியை எடுத்து மேசையில் ஒரு முறை தட்டி வைத்தார்.

"சரி" என்றாள் வெர்லீன். "அது நீங்க சொன்னதுதான்."

பந்து வின்ஃபீல்டிடமே நின்று, அதில் மூன்று நிமிஷம் கரைந்தது. கடைசியில் பந்து டால்பர்ட் கைக்கு வந்து, தட்டுத்தடுமாறி முன்னேறி, ஏழு வினாடி இருக்கும்போது மூன்று புள்ளிக்காகக் கம்பங்களை நோக்கி உதைத்தார்கள். முப்பத்தெட்டு கஜத்து உதை. இடது கம்பத்துக்கு வெளியே போயிற்று. டால்பர்ட் தோற்றது. இரண்டு நாள் தடுப்பாட்டத்தைப் பற்றி அடித்துக்கொண்டதெல்லாம் ஒரு பையனின் பாதத்தில் போய் முடிந்தது. ராய்ஸ் பத்து நிமிஷம் தரையில் மல்லாந்து கிடந்தான். ஓடிஸ் கீரையை இன்னொரு தடவை போட்டுக்கொண்டார்.

மார்ச் மாதம் உயர்நிலைப் பள்ளியின் புது கோச் வீட்டுக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். எதிரணிகளின் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று குரோவரிடம் கேட்டார். பிறகு தயங்கி, "ரெண்டு பேரும் சேர்ந்து பாத்தா நல்லாருக்கும்னு ராய்ஸ் சொன்னார்" என்றார். சம்பளம் கிடையாது.

"பேருந்து நேரத்துக்கு இடைஞ்சல் இருக்கக்கூடாது" என்றாள் வெர்லீன். அது ஒன்றுதான் அவள் போட்ட நிபந்தனை.

வியாழக்கிழமை பகல்களில் பள்ளியின் ஆட்டப் படம் பார்க்கும் அறையில் இரண்டு பேரும் உட்காருகிறார்கள். அவர் வரைகிறார், அவள் எண்ணுகிறாள். அங்கே அவர்கள் போடும் சண்டை நடைபாதை கடைசிவரை கேட்கும், முதலில் ஆசிரியர்கள் எட்டிப் பார்த்தார்கள், இப்போது பார்ப்பதில்லை. பேச்சுப் பயிற்சிக்காரப் பெண்ணுக்கு இன்னும் புது வார்த்தை ஒன்றும் கிடைக்கவில்லை. பள்ளி வெர்லீனுக்கு அணியின் ஜாக்கெட் ஒன்று கொடுத்தது. அவளுக்கு அது இரண்டு அளவு பெரிது. ஸ்டியரிங் திருப்பும்போது கை நீளம் இடிக்கிறதென்று இரண்டு அங்குலம் மடித்துத் தைத்துப் போட்டுக்கொள்கிறாள்.