முழுக்கைச் சட்டை தைத்தவர்

காமிக்ஸில் வரும் வாள்வீராங்கனையைப் படமாக்கப் பாம்பனுக்கு வந்திருந்தார்கள். நடிகைக்கு நீச்சல் தெரியாததால், கடல்பாசி எடுக்கும் என்னை அவருக்குப் பதிலாக நீந்தச் சொன்னார்கள். காமிக்ஸில் உள்ளபடி கையும் இடுப்பும் தெரியும் உடையைக் கொடுத்தார்கள். எனக்குக் கல்யாணம் பேசியிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டாரும் கரையில் நின்றார்கள். நான் அழாத குறையாக நின்றேன்.

படத்தின் தையல்காரர் ஒல்லியானவர். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார்.

"பாசி எடுக்கப் போறப்ப என்னம்மா போட்டுக்குவே?"

"சேலைக்கு மேல எங்க அண்ணன் சட்டைய மாட்டிக்கிருவேண்ணே."

நீளமான முழுக்கைச் சட்டை ஒன்றில் தகரச் செதில்களைத் தைத்துக் கொடுத்தார்.

"காமிக்ஸ்ல இவ இப்படி இல்லையே" என்றார் டைரக்டர்.

"கதையில மந்திரவாதி இவ மேல பாம்ப ஏவுறான் சார். கைய மூடாம போனா கடிக்காதா?" என்றார் தையல்காரர்.

டைரக்டர் சிரித்துச் சம்மதித்துவிட்டார். படத்தில் இருவரும் ஒருவராகத் தெரிய வேண்டும் என்பதால் நடிகைக்கும் அதேபோல் தைக்க வேண்டியதாயிற்று. அதையும் அவரே சலிக்காமல் தைத்தார். முன்பின் தெரியாத எனக்காக ஏன் இத்தனை வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார் என்று இன்றும் விளங்கவில்லை.