போணி பண்ண கால்

நான் வேலை பார்த்த மில்லில் பஞ்சுப் பொதி சரிந்து விழுந்து என் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. எழுபதுகளின் கடைசியில் நடந்தது. மில் கார் ஒரே ஒரு நாள் வந்தது. சீட்டில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் என்னை உட்காரவைத்து, ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போனார்கள். பிறகு காரும் வரவில்லை, அதை அனுப்பிய மேனேஜரும் வரவில்லை. இதை மரியாதையாக எழுத எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "புண்ணு இன்னும் ஆறல. வாரத்துக்கு ரெண்டு தடவை காலையில வந்து கட்டு மாத்திக்கணும். வராம விட்டு சீழ் எலும்புக்குள்ள போச்சுன்னா காலை எடுக்க வேண்டியதுதான்."

எங்கள் வீடு தவளக்குப்பம் சந்திப்புக்குப் பக்கத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியோ டவுனில். காலை நீட்டிக்கொண்டு ரோட்டோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் கண்டக்டர் விசில் கொடுப்பான், பஸ் நிற்காமல் போகும். முதல் வாரமே கட்டு மாற்றுவது ஒரு தடவை தவறிப்போனது. என் மனைவி பஸ் போன திசையைப் பார்த்துத் திட்டினாள். நானும் திட்டினேன். திட்டினால் புண் ஆறுமா?

அதே இடத்தில்தான் கடலோரக் குப்பத்து மீன்காரப் பெண்களின் டெம்போ நிற்கும். கூடையோடு பஸ்ஸில் ஏறவிடுவதில்லை என்பதால் அவர்கள் சேர்ந்து வாடகைக்கு வைத்திருந்த வண்டி அது. மனைவி போய் இடம் கேட்டாள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னும் போணியே ஆவல. காலங்காத்தால நோயாளிய ஏத்திகினு போனா கூடை அப்படியே திரும்பி வரும்."

"அவளுங்க வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம், வாடி" என்று நான் ஸ்டூலிலிருந்தே கத்தினேன். முன்சீட்டில் இருந்த பெரிய அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாய் நல்லாத்தான் வேலை செய்யுது. கையில சில்லறை இருக்கா?"

"இருக்கு. இன்னாத்துக்கு?"

"காரப்பொடி மீனு வாங்கு."

"ஆஸ்பத்திரிக்குப் போறவன் மீனை வெச்சிகினு இன்னா பண்றது?"

"அத நீ பாத்துக்க. வாங்கிட்டா நீ நோயாளி இல்ல, போணி பண்ண ஆளு. ஏறிக் குந்து."

காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு பேர் என்னைத் தூக்கி ஏற்றினார்கள். கவிழ்த்த கூடைமேல் என் காலை வைத்தார்கள். மார்க்கெட்டில் முந்திப் போனவருக்குத்தான் நல்ல இடம் கிடைக்கும். அது தெரிந்தும் அந்த அக்கா டிரைவரிடம், "மொதல்ல ஆஸ்பத்திரி வாசல்" என்றார்.

அன்று வியாபாரம் நன்றாக நடந்ததாம். அடுத்த முறை, முகத்தைத் திருப்பிக்கொண்டவளே கூடையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இன்னிக்கு எங்கிட்ட போணி பண்ணு மாமா." அதன்பின் போகும்போதெல்லாம் ஒருத்தியிடம் என்று முறை வைத்து வாங்கினேன்.

ஒருநாள் கட்டைப் பிரிக்க வந்த நர்ஸ் முகத்தைச் சுளித்தார். "டாக்டர், வாடை அடிக்குது." டாக்டர் ஓடிவந்து குனிந்து முகர்ந்தார். அந்தத் தவறிப்போன ஒரு நாள்தான் காலைக் கொண்டுபோகிறது என்று நினைத்தேன். என் மனைவி பெஞ்சுக்கு அடியிலிருந்து இலைப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். "காரப்பொடி சார். போணி பண்ணது." டாக்டர் மீண்டும் புண்ணைப் பார்த்தார். "புண்ணு சுத்தமா இருக்கு. மீனை வெளிய வை" என்றார்.

கால் பிழைத்தது. கட்டு முழுதாகப் பிரித்த பிறகு ஒருநாள் காலை, கம்பை ஊன்றி நானே டெம்போவுக்கு நடந்து போனேன். பெரிய அக்கா காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நடக்கறவனுக்கு இங்க இடம் கிடையாது. போய் பஸ்ல ஏறு."

"ஏறத்தான் போறேன். காரப்பொடி வாங்க வந்தேன்" என்று காசை நீட்டினேன். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், வெகுநேரம் கையை எடுக்கவில்லை.