இடம் மாறிய பஸ் நிறுத்தம்

ஜெபசுதாவுக்குச் சொந்த ஊர் ஆலந்தலை. தூத்துக்குடியில் சாலைப் போக்குவரத்துத் திட்டம் போடும் பொறியாளர். குரலை உயர்த்தாமலே பிடிவாதம் பிடிக்கத் தெரிந்தவள்.

மீன் ஏலக்கூடத்துக்குப் போகும் சாலையில் அடுத்தடுத்து இரண்டு பேர் அடிபட்டதும், வார்டு கவுன்சிலர் செந்தூர்பாண்டி அவள் மேசை முன் வந்து உட்கார்ந்தார்.

"எம்மா, வரிசையா நாலு வேகத்தடை போட்டுத் தாங்க. சனங்ககிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்."

"வேகத்தடையால தீராது அண்ணாச்சி. பஸ் நிக்குத இடந்தான் கோளாறு. காலையில ஒருக்கா வந்து பாருங்க."

வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கிய மீன்காரப் பெண்கள் அதன் முன்னாலேயே புகுந்து சாலையைக் கடந்தார்கள். பின்னாலிருந்து பஸ்ஸை முந்த வந்த கண்டெய்னர் லாரிக்காரனுக்கு அவர்கள் தெரியவே இல்லை. லாரி கிறீச்சிட்டு நின்றது. செந்தூர்பாண்டி ஜெபசுதா பக்கம் திரும்பினார்.

"சரி, நிறுத்தத்த எங்கன கொண்டு போகணும்ங்கீங்க?"

"வளைவத் தாண்டி, அங்கன. பஸ் ஒதுங்கி நிக்க இடமிருக்கு, வார வண்டியும் தூரத்துலயே தெரியும்."

அவர் அந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு பொட்டு நிழல் இருக்கா? மீன் கூடையோட இந்த வெயில்ல எவ நிப்பா? பழைய இடத்துலதான் கை காட்டுவாளுவ. டிரைவரும் நிறுத்துவான்."

ஜெபசுதா அதை யோசித்திருக்கவில்லை. கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும் உற்சாகம் வந்துவிட்டது. அன்றே திட்டத்தில் கூரையும், கூடை இறக்கி வைக்க ஒரு மேடையும் சேர்த்தாள்.

பழைய நிறுத்தத்துக் கடைக்காரர்கள் கொதித்தார்கள். "உம்ம நம்பி ஓட்டுப் போட்டா ஏவாரத்தக் கெடுக்கீரே!" என்றார் டீக்கடை பிரைட்டன்.

ஜெபசுதா வாய் திறக்குமுன் செந்தூர்பாண்டி முன்னால் வந்தார்.

"இந்தம்மா படிச்சவங்க, அளந்து பாத்துச் சொல்லுதாங்க. சரின்னு சொன்னது நான். ஏசணும்னா என்னைய ஏசு. புது நிறுத்தத்துப் பக்கம் உனக்கு இடம் கேட்டு நானே மன்றத்துல பேசுதேன்."

பேசவும் செய்தார். தீர்மானம் நிறைவேறியது. ஆனாலும் வேகத்தடை ஆசை அவரை விடவில்லை. பள்ளிக்கூடத் தெரு முனையைக் காட்டி, "இங்கனயாவது ஒண்ணு?" என்றார். ஜெபசுதா நின்று கவனித்தாள். பிள்ளைகள் ஓடிவரும் திருப்பம். "இங்க கட்டாயம் வேணும் அண்ணாச்சி" என்றாள். அவர் முகம் மலர்ந்தது.

திறப்பு நாளன்று மீன்காரி ஹில்டா கூடையை மேடையில் வைத்து, கூரைக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்தாள். "பஸ் மெதுவா வரட்டும் தாயீ, எனக்கு அவசரமில்ல."

கழுத்தில் மாலையோடு செந்தூர்பாண்டி காரில் வந்து இறங்கினார். ஜெபசுதா பக்கத்தில் போய் மெல்லச் சொன்னாள்: "அண்ணாச்சி, வண்டி பஸ் நிக்குத இடத்துல நிக்கு."

சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் அவர்தான்.

"ஏலே, வண்டிய எடுலே!"