இரும்பு அலுமாரியில் ஒரு துவக்கு

சுடுகிற துவக்கு ஒன்று வாங்கப் போகிறேன் என்று என் கணவர் சொன்னபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கரப்பான் பூச்சி அடிக்கக்கூட என்னைக் கூப்பிடுகிற மனிதர். "உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால் கல்லில் தோசை கருகிக் கிடந்தது. அந்தத் தோசையைத்தான் அன்று அவருக்கு வைத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒக்லாந்தில், ஏவன்டேல் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு பிளாஸ்டிக் குழாய் செய்கிற தொழிற்சாலையில் வேலை. எனக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். அவருடைய மேற்பார்வையாளர், இந்த நாட்டு வெள்ளைக்காரர், ஒரு சனிக்கிழமை இவரைத் தன்னுடைய துப்பாக்கிச் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். புல்வெளியில் ஒரு யந்திரம் களிமண் தட்டுகளை ஆகாயத்தில் எறியும். அவை விழுவதற்குள் சுட வேண்டும். இதுதான் விளையாட்டு. வீட்டில் தட்டு உடைந்தால் நான் கத்துவேன், அங்கே உடைத்தால் கை தட்டுகிறார்களாம். தோளில் நீலம் பாரித்துப்போய் வந்தார். ஆனால் முகம் மட்டும் கலியாண வீட்டுக்குப் போய் வந்த முகம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஏனென்றால் துவக்கு என்பது எங்கள் வீட்டில் வாயெடுத்துச் சொல்லாத சொல். அதற்குக் காரணம் அவருடைய அண்ணா.

அவர்களுடைய ஊர் வன்னியில். மாமாவிடம், இவருடைய தகப்பனிடம், இரட்டைக் குழல் துவக்கு ஒன்று இருந்தது. அரசாங்க லைசென்சோடு, வயலுக்கு வரும் காட்டுப்பன்றியைக் கலைக்க. மாமா செத்த பிறகு துவக்கும் லைசென்சும் மூத்த மகனுக்கு வந்தன. ஒரு நாள் பொழுதுபடுகிற நேரம் இயக்கப் பெடியள் வந்தார்கள். லைசென்ஸ் துவக்கு இருந்த எல்லா வீட்டுக்கும் போனது போலத்தான் இந்த வீட்டுக்கும். மரியாதையாகத்தான் கேட்டார்கள். "அலுவல் முடியத் தருவம் அண்ணை" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு அரசாங்க ஆமி வந்தது. யார் யாரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். "துவக்கு எங்கே?" பெடியள் கொண்டுபோயிட்டாங்கள் என்றார் அண்ணா. "நீ ஏன் குடுத்தாய்?" இந்தக் கேள்விக்கு யார் என்ன பதில் சொல்ல? அண்ணாவை ட்ரக்கில் ஏற்றினார்கள். அவ்வளவுதான். ஆளும் இல்லை, செத்த சேதியும் இல்லை. அதனால் மாமி, இவர்களுடைய அம்மா, அண்ணாவுக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்ய விடவில்லை. ஒவ்வொரு வருடமும் அவருடைய நட்சத்திரத்தில், உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் செய்வது போல, கோயிலில் அர்ச்சனை செய்துகொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை துவக்கு வாங்கப் போகிறாராம்!

"அண்ணையைத் திண்டது உந்தத் துவக்குத்தானே? அதை வீட்டுக்குள்ள கொண்டு வரப்போறியளோ?" என்று கேட்டேன்.

"இஞ்ச ஒருத்தரும் வந்து எடுக்கமாட்டினம். பூட்டி வைக்கலாம்" என்றார்.

"பாம்பைப் பெட்டியில போட்டா அது பாம்பில்லையோ?"

இந்த நாட்டில் எனக்கு முதன்முதலில் பிடித்த விசயமே இங்கத்தைய பொலிஸ்தான். வந்த புதிதில் சான்ட்ரிங்ஹாம் வீதியில் மிளகாய்த்தூள் வாங்கப் போனபோது எதிரே ஒரு பொலிஸ்காரன் வந்தான். என் கண் தானாக அவன் இடுப்புக்குப் போயிற்று. துவக்கு இல்லை. கடைக்காரியைப் பார்த்து "குட் மோர்னிங்" சொல்லிவிட்டுப் பாண் வாங்கிக்கொண்டு போனான். நான் அந்தக் கடை வாசலிலேயே நின்று அழுதேன். அப்படி ஒரு நாட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு நாமே காசு குடுத்துத் துவக்கு வாங்குவதா?

எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வரும் தமிழ்நாட்டு நண்பர் ஒருவரும் என் பக்கம். "ஊர்ல போலீஸ்கிட்டயும் ரவுடிகிட்டயும்தாங்க துப்பாக்கி இருக்கும். நீங்க ரெண்டுலயும் சேர்த்தி இல்லையே?" என்று சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. துவக்கோடு ஒருவரும் றோட்டில் திரியக்கூடாது, அது யாராக இருந்தாலும் சரி, பாதுகாப்புக்கென்று துவக்கு வைக்கிறவன் கடைசியில் அதாலேயே சாவான் என்றார். வீட்டில் பூட்டி வைத்திருப்பது வேறு கதை என்றார். என்ன வேறு கதை என்று மட்டும் சொல்லவில்லை.

பிறகு ஏன் சம்மதித்தேன்? கலியாணம் கட்டிய நாளிலிருந்து இது வேணும் என்று அவர் ஒன்றையும் கேட்டதில்லை. கறிக்கு உப்புக் காணாது என்றுகூடச் சொல்லமாட்டார். அந்த மனிதர் ஒரு நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "எனக்கு இது வேணுமப்பா" என்றார். சரி, வாங்குங்கோ என்றேன்.

லைசென்ஸ் கொடுக்கும் முன் பொலிஸ் ஆள் வீட்டுக்கு வந்து மனைவியைத் தனியாக விசாரிப்பது இங்கத்தைய வழக்கம். வந்தவர் சுவெற்றர் போட்ட ஒரு முதியவர். இவரைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, நான் கொடுத்த வடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: கணவர் குடிப்பாரா, கை நீட்டுவாரா, உங்களுக்கு அவரிடம் பயம் உண்டா? "அவருக்குத்தான் என்னிடம் பயம்" என்றேன். சிரித்து முதியவருக்குப் புரையேறிவிட்டது. பொலிஸ் ஒன்று வீட்டுக்கு வந்து, என் மனிதனைக் கொண்டுபோகாமல், அவரைப் பற்றி என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறது! ஊரில் சொன்னால் யார் நம்புவார்கள்? எதற்குத் துவக்குக் கேட்கிறார் என்றும் கேட்டார். விளையாட்டுக்கு என்றேன். அப்போது எனக்கும் அதுதான் தெரியும்.

வீட்டுச் சொந்தக்காரனைக் கெஞ்சிக் கூத்தாடி, பின்னறைச் சுவரில் ஓட்டை போட்டு இரும்பு அலுமாரி பொருத்தியாயிற்று. பிறகுதான் கூத்து. மற்ற ஆட்கள் துவக்குச் சேர்ப்பார்கள். இவர் வாங்குவார், ஒரு கிழமை திருப்பித் திருப்பிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்கிவிட்டு விற்பார். செத்துப்போன பண்ணைக்காரர்களின் வீட்டு ஏலம், பழைய துவக்கு விற்கும் கடை, ஒன்று விடமாட்டார். பெண் பார்க்கப் போகிறவன் ஒவ்வொரு வீட்டிலும் கேசரி தின்றுவிட்டு வேண்டாம் என்று வருவதைப் போல. "உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டால், "கண்டாச் சொல்லுறன்" என்பார்.

ஒரு நாள் கண்டுபிடித்தார். பழைய இங்கிலாந்துத் துவக்கு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழல், இரண்டு விசை, பிடி தேய்ந்து கருத்துப்போன மரம். கொண்டு வந்து பின்னறை நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். "ஐயா வைச்சிருந்தது அச்சொட்டா இதுதான்" என்றார். அதற்குப் பிறகு வேறு துவக்கு வாங்கவில்லை. அதைக் களிமண் தட்டுச் சுடவும் கொண்டுபோகவில்லை. சங்கத்துத் துவக்கை இரவல் வாங்கித்தான் சுட்டார். ஞாயிறு தோறும் எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசி உள்ளே வைப்பார். தகப்பன் நினைவு போல என்று நானும் விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் மாமிக்கு விசா வந்தது. வவுனியாவில் அகதி முகாமில் இருந்தவர். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உடம்பு. வீட்டுக்கு வந்த அன்றே இவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "மாமி இருக்கிற நேரம் உந்த அலுமாரி திறக்கக் கூடாது. மனிசி கண்டா அந்த இடத்திலேயே போயிடும்." அவரும் சரியென்றார். அலுமாரிக்குள் தொழிற்சாலைச் சாமான் இருக்கிறதென்று மாமிக்குச் சொல்லி வைத்தோம். நானும் மாமியும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகும் நேரம் பார்த்து அவர் துவக்குத் துடைப்பார்.

ஒரு ஞாயிறு மழை ஊற்றியது. சந்தையில் பாதியில் திரும்பினோம். நான் குடையை உதறிக்கொண்டு நிற்க, மாமி கீரைக் கட்டோடு நேரே பின்னறைக்குப் போய்விட்டார். நிலத்தில் பேப்பர் விரித்து, அதன்மேல் துவக்கு. பக்கத்தில் இவர், எண்ணெய்த் துணியோடு.

ஐயோ கடவுளே என்று ஓடினேன். மாமி கத்துவார், மயங்கி விழுவார் என்று பிடிக்கத் தயாராக ஓடினேன். அவர் விழவில்லை. கீரையைக் கீழே வைத்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். மெல்லக் குந்தி, பிடியைத் தடவிப் பார்த்தார்.

"கிடைச்சிட்டுதோ தம்பி?" என்றார்.

மாமி என் பக்கம் திரும்பினார். வந்த நாளிலிருந்து அன்றுதான் அவர் சிரித்துக் கண்டேன்.

"பிள்ளை, துவக்குக் கிடைச்சிட்டுது! துவக்கைக் கொண்டு வந்து தந்திட்டு மோனைக் கூட்டிக்கொண்டு போ எண்டு அந்த ஆமிப் பெரியவன் என்னட்டச் சொன்னவன். நான் எத்தினை படலை தட்டினன் தெரியுமே? பெடியளின்ரை காலில விழுந்தன். ஒரு நாளைக்கு இரவல் தாங்கோ, என்ரை பிள்ளையை எடுத்திட்டுத் திருப்பித் தாறன் எண்டு கேட்டன். ஒருத்தரும் தரேல்லை. இப்ப கிடைச்சிட்டுது." பிறகு மகனைப் பார்த்தார். "எப்ப தம்பி போறம்?"

அம்மா, இது வேறை துவக்கு. அம்மா, இது வேறை நாடு. சொல்லும், சொல்லித் தொலையும் என்று நான் இவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போவம் அம்மா" என்றார் அவர். "ஊருக்குப் பாதை திறக்கட்டும்."

சமையலறைக்கு இழுத்து வந்து அவரைக் கிழித்துவிட்டேன். பெத்த தாய்க்கு இப்படி ஒரு பொய்யா, வாய் கூசவில்லையா என்று கேட்டேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ரெண்டாம் முறை அம்மா ஆமிக் காம்புக்குப் போகேக்கை நானும் கூடப் போனனான். என்ரை காதாலையும் கேட்டனான், துவக்கைக் கொண்டு வா எண்டு அவன் சொன்னதை. விசர் எண்டு எனக்குத் தெரியும். எல்லாம் முடிஞ்சுது எண்டும் தெரியும். ஆனா எங்கை துவக்கைக் கண்டாலும் இதுவோ, இதுவோ எண்டுதான் பாக்கிறன். நான் என்ன செய்ய?"

இத்தனை வருடம் கூடப் படுத்தெழும்பிய மனிதர். விளையாட்டு என்று பொலிஸ்காரரிடம் சொன்னேனே. மாமி நிலத்தில் விட்டுவிட்டு வந்த கீரையை எடுத்து வந்து ஆய்ந்தேன்.

அதற்குப் பிறகு ஒளிக்க ஒன்றுமில்லை. ஞாயிறு தோறும் அவர் அலுமாரியைத் திறப்பார், மாமி பக்கத்தில் கதிரை போட்டுக்கொண்டு இருப்பார். துடைத்து முடிந்ததும், "கவனமாப் பூட்டு. இந்த முறை ஒருத்தருக்கும் குடுக்காதை" என்பார். இவர் பூட்டி, இழுத்தும் காட்டுவார். சண்டையில் மூடிய ஊர்ப் பாதை திறந்ததா என்று ரேடியோச் செய்தி முடிந்தவுடன் மாமி கேட்பார். இல்லையென்றால் கோபிக்கமாட்டார். இவ்வளவு காலம் இருந்தாயிற்று, இனி என்ன என்பது போலத் தலையாட்டுவார். சந்தையில் ஒரு நாள் நீலச் சுவெற்றர் ஒன்றை எடுத்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றார். எங்களிடமிருந்த சுவெற்றர் போதாதா என்று நான் எரிந்து விழுந்தேன். "பெரியவனுக்கு, பிள்ளை. இஞ்சத்தைக் குளிர் அவனுக்குப் பழக்கமில்லை" என்றார். வீட்டுக்கு வந்து இவருடைய முதுகில் வைத்து அளவு பார்த்தார். அண்ணா இவரைவிடத் தோள் அகலமாம். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்தி அழுதேன்.

மாமி இரண்டு மாரிக் குளிர் தாங்கினார். மூன்றாவது மாரியில் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகனைக் கிட்டக் கூப்பிட்டு, "துவக்கு இருக்குதோ?" என்றார். "இருக்குது அம்மா, பூட்டித்தான் கிடக்கு" என்றார் இவர். பிறகு மாமி தண்ணீர் கேட்டார். அடுத்த நாள் காலை போய்விட்டார்.

மாமியின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், "துவக்கைக் குடுத்திட்டு வருவம், வாரும்" என்று இவர் என்னைக் கூப்பிட்டார். விற்றால் நல்ல விலை போகும் என்று சங்கத்து ஆட்கள் சொல்லியிருந்தார்கள். அவர் விற்க மாட்டேன் என்றார். முதலே தொலைபேசியில் சொல்லிவிட்டு, துவக்கைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். காரிலிருந்து இறங்கும்போதுதான் பார்த்தேன், அவருடைய கக்கத்துக்குள் அந்த நீலச் சுவெற்றர்.

மேசையில் இருந்தது ஒரு இளம் பெண் பொலிஸ். இடுப்பில் துவக்கு இல்லை. போர்வையை விரித்து, குழலை மடித்து வெறுமை என்று பார்த்து, அழகான சாமான் என்றாள். கையெழுத்து வாங்கினாள். துவக்கை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அவள் போய்வந்த கதவு மேசைக்குப் பின்னால் இருந்தது. சுவெற்றரைக் காட்டி, அதுவும் தரவேண்டியதா என்று கேட்டாள். இவர் இல்லையென்று தலையாட்டினார். அப்படியானால் எல்லாம் முடிந்தது, நீங்கள் போகலாம் என்றாள்.

அவர் போகவில்லை. சுவெற்றரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தபடி நின்றார். வேறு ஏதாவது வேண்டுமா என்று அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டாள். எங்களுக்குப் பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். எதற்கெடுத்தாலும் வாய் காட்டுகிற எனக்கு, வாங்கோ போவம் என்ற ஒரு சொல் வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்று நானும் அந்தக் கதவைப் பார்த்தேன்.