நடுவில் புகுந்தவன்

1954இல் மருதமுனையில் என் தங்கச்சியும் மச்சானும், மீன் ஆணத்தில் உப்புக் கூடியதற்காகச் சண்டை பிடித்தார்கள். நான் பெரிய வீரனாகப் போய், தங்கச்சியின் சீதன வீட்டிலிருந்த மச்சானின் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். மூன்றாம் நாள் சமாதானம் பேச வாசல் படலைக்கு வந்தவரை, அவளுக்குத் தெரியாமலே விரட்டினேன். பிறகு தலாக்குக்கும் நானே ஓடித்திரிந்தேன்.

எல்லாம் முடிந்தபின் ஒருநாள் கோமாரி ஊருக்குத் தேங்காய் வாங்கப் போனேன். தோட்டத்தில் இரண்டு குரங்குகள் கட்டிப் புரண்டு ஒன்றையொன்று கடித்தன. ஒன்றின் காதில் இரத்தம். நியாயம் தீர்க்கத் தடியோடு ஓடினேன். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து என்மேல் பாய்ந்தன. என் இடுப்புச் சாரன் வேலியில் தொங்க, நான் காவல் குடிலுக்குள் கிடந்தேன். பயத்தில் வாயில் வந்ததோ சாப்பிடும்போது ஓதும் துஆ!

தோட்டக் காவல்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“உங்கள ஆரு முதலாளி நடுவுல போகச் சொன்ன? இப்ப பாருங்க கூத்த!”

ஓலை இடுக்கால் பார்த்தேன். கடித்த குரங்கு, கடிபட்ட குரங்குக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அது கண்ணை மூடிச் சுகமாகச் சாய்ந்திருந்தது.

அன்றே மச்சானைத் தேடிப் பொத்துவிலுக்குப் போனேன். அவருடைய புதுப் பெண்சாதி வெற்றிலைத் தட்டம் கொண்டுவந்து வைத்தாள்.

திரும்பி வந்து தங்கச்சியிடம், அன்று மச்சானைப் படலையில் விரட்டியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப அவரு வந்தவரா, காக்கா?” என்று அண்ணனான என்னைக் கேட்டாள்.

“ஓம்.”

அவள் எழுந்துபோய் எனக்குச் சோறு போட்டாள். என்னை அடித்துக் கடித்திருந்தாலாவது, சமாதானத்துக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.