ஆயுத பூஜையன்று சர்வருக்கு விடுப்பு

பணி ஓய்வுக்குப் பிறகு நான் தொடங்கிய தொழிலை என் மனைவி 'அந்தப் பொட்டி' என்றே குறிப்பிட்டுவந்தாள். திண்டிவனத்தில், எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியின் கதவைக் கழற்றிவிட்டு அதில் ஒரு சர்வரை வைத்திருந்தேன். உள்ளூர்க்காரர்களின் இணையதளங்கள் அதில் வாடகைக்குக் குடியிருந்தன. ஒரு கல்யாண மண்டபம், ஒரு மழலையர் பள்ளி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக்கு ஒரு மண்டி. இதற்கென்று மாறாத முகவரியுள்ள இணைய இணைப்பு கேட்டுத் தொலைபேசி அலுவலகத்துக்குப் போனபோது, அப்படி ஒரு திட்டமே கிடையாது என்றார் அங்கே இருந்தவர். அவர்களுடைய சுற்றறிக்கையையே அச்செடுத்து நீட்டினேன். விழுப்புரத்தில் அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவனிடம் இல்லை என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டு வர வேண்டும்.

பெங்களூருக்கு இரவுப் பேருந்து விடும் விக்கிரவாண்டிக்காரர் ஒருவர், டிக்கெட் பதிவு செய்யும் தளத்தை என்னிடம் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை.

"எங்க அக்கா பையன் சென்னையில கம்ப்யூட்டர் வேலை சார். வீட்ல வச்சிக்கினு பண்றவரை நம்பாத மாமான்றான். எனக்கு ஆயுத பூஜை லீவுலதான் கூட்டமே. அன்னிக்கு நின்னுச்சின்னா அவன் சொல்ற கம்பெனிக்குப் போயிடுவேன், கோச்சிக்காதீங்க."

"நிக்காது" என்றேன்.

பூஜைக்கு முந்தைய நாள், ஒட்டடை அடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "ஏங்க, நாளைக்கு இத்த அணைச்சிடுங்க. சாமிகிட்ட வைக்கணும்."

"அணைக்க முடியாது. நாளைக்குத்தான் இதுக்கு வேலையே."

"தையல் மெஷினு, கடப்பாறை எல்லாம் சும்மா இருக்குது. இது மட்டும் ஓடிக்கினே இருக்கணுமா?"

"ஃபிரிட்ஜ் ஓடுதே?"

"ஃபிரிட்ஜா நமக்குத் தொழிலு?"

பணிக்காலம் முழுவதும் கோப்புகளில் வாதாடியவன் நான். ஆனால் அவள் அதைத் தொழில் என்று சொன்னது அதுவே முதல் தடவை. சாதகமாக வந்த உத்தரவை எதிர்த்து யாரும் மேல்முறையீடு செய்வதில்லை.

அரசாங்கத்தில் இதற்கு வழி உண்டு. அதிகாரி விடுப்பில் போனால் இன்னொருவர் கூடுதல் பொறுப்பு பார்ப்பார். என் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டினேன். எல்லாத் தளங்களையும் அதில் நகலெடுத்து, சோதித்து, மறுநாள் காலை தளங்களுக்கு வருகிறவர்களை அதன் பக்கம் திருப்பிவிட்டு, சர்வரை அணைத்தேன். சர்வர் சந்தனம் குங்குமத்துடன் பொரிகடலைத் தட்டுக்கு எதிரே அமர்ந்தது. பதவி உயர்வு வந்தவர் முகம் அதற்கு.

பகலில் டிக்கெட் பதிவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சந்தனக் கிண்ணத்துடன் வீட்டைச் சுற்றிவந்த மனைவி, கூடத்து மேசையருகே நின்றாள்.

"இது இன்னா, தொறந்தே கெடக்குது?" என்று லேப்டாப்பை மூடப் போனாள். மூடினால் தூங்கிவிடும் அதன் வழக்கத்தை நான் மாற்றிவைக்கவில்லை. தணிக்கைக்கு வராத இனம் அது.

"கைய எடு! மூடினா தூங்கிடும். பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுக்கினு இருக்காங்க."

பாதி சாய்ந்த மூடியைப் பிடித்தபடியே கேட்டாள்: "அப்ப இதுவும் தொழில்தானே செய்யுது?"

"இது பொறுப்பு மட்டும்தான். பெரியவரு லீவுல இருக்காரு. இதையும் அனுப்பிட்டா ஆபீஸை யாரு பாக்கறது?"

"நீங்க லீவு போட்டப்பல்லாம் இப்டித்தான் எவன் தலையிலயாவது கட்டிட்டு வந்தீங்களா?"

"விதிப்படி."

மூடியை நிமிர்த்திவிட்டு, அதன் முதுகில் ஒரு பொட்டு வைத்தாள். "நாளைக்கு இதுக்கும் லீவு குடுங்க. பாவம், பழசு."

மாலையில் பேருந்துக்காரர் அழைத்தார். "ரெண்டு வண்டியும் ஃபுல்லு சார். இந்தாங்க, அக்கா பையன் பேசணும்றான்."

"சார், உங்க சர்வர் எந்த டேட்டா சென்டர்ல இருக்கு?" என்றான் அவன்.

"பூஜையறையில. அணைச்சு வச்சிருக்கேன்."

"அப்ப சைட்டு எப்படி ஓடுது?"

கூடுதல் பொறுப்பு பற்றிய விதிகளைச் சுருக்கமாகத்தான் விளக்கினேன். போன் கைமாறியது.

"பையன் பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறான். எனக்கு இதெல்லாம் புரியாது சார். நடுவுல நின்னுச்சா, நிக்கலியா?"

"நிக்கல."

"அப்ப உங்ககிட்டயே இருக்கட்டும். வண்டிக்குப் பூசணிக்கா ஒடைக்கணும், வெச்சிட்றேன்."