கொள்ளி வைத்தவன் எடுத்த சாவி

காரின் பின்கதவைத் திறந்ததுமே செல்வநாயகி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஊசிப்போன பிரியாணி, ஈரம் காயாத மிதியடி, பாக்கு எச்சில். எல்லாவற்றுக்கும் மேலே, எலுமிச்சை வாசனை என்று கண்ணாடியில் தொங்கவிட்டிருந்த ஓர் அட்டை. அந்த அட்டையின் வாடைதான் இருப்பதிலேயே மோசம்.

“ஏறுங்க அண்ணி, நேரமாவுது,” என்றான் குருமூர்த்தி. செத்துப்போன அவள் புருஷன் தங்கராசுவின் தம்பி. சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து துப்பினான். பாதி தரையில் விழுந்தது, மீதி கதவில் வழிந்தது.

பக்கத்து வீட்டுக் கண்ணம்மாளைக் கைத்தாங்கலாகப் பிடித்து உள்ளே உட்காரவைத்துவிட்டுத் தானும் ஏறினாள். கண்ணம்மாளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். மகன் துபாயில். துணைக்குப் போவது செல்வநாயகிதான்.

“தங்கராசு வண்டின்னா எனக்குப் பயமில்லடி நாயகி. வேற எவன் வண்டியிலயும் நான் ஏற மாட்டேன்,” என்றாள் கண்ணம்மாள், எச்சில் வழிந்த கதவின் மேல் முழங்கையை வைத்தபடி. பின்கண்ணாடியில் தங்கராசுவின் பெயர் இன்னும் ஒட்டியிருந்தது. செல்வநாயகி அந்த முழங்கையை எடுத்து முந்தானையால் துடைத்துவிட்டாள்.

தங்கராசு அந்தக் காரை வைத்திருந்த விதமே வேறு. கல்யாணமான புதிதில் அவர் பீங்கான் தொழிற்பேட்டையில் களிமண் அரைக்கும் வேலையில் இருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இமை மயிர்வரை வெள்ளையாக இருக்கும். “கோலமாவு டப்பாவுல வுழுந்த பல்லி,” என்பாள் இவள். பிறகு கடன்பட்டு ஒரு பழைய டீசல் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். ஆனால் அந்த வெள்ளைத் தூசியின் மேல் இருந்த கோபம் மட்டும் அவருக்குப் போகவில்லை. தொழிற்பேட்டைப் பக்கம் போய் வந்தால் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டாமல் சாப்பிட உட்கார மாட்டார். “மனுசன் நெஞ்சுக்குள்ள போனா இருமித் துப்பலாம். இது எங்க போய்த் துப்பும்?”

வெள்ளிக்கிழமையானால் டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, சூளையில் கோணலாகிப்போன ஓர் அகல் விளக்கில் கொஞ்சம் பிடிப்பார். விருத்தாசலத்தில் கோணல் அகலுக்கு என்ன பஞ்சம். சற்று நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியிலும் டீசல் மேலேயும் நிற்கும். தண்ணீர் கூடுதலாக இருந்தால் டீசல் போட்ட பெட்ரோல் பங்க்குக்குப் போய் அந்த அகலையே நீட்டிச் சண்டை பிடிப்பார். பிரேக் கட்டை முழுக்கத் தேயும்வரை விட்டுவைக்க மாட்டார். மார்கழிக் குளிரில் சாவியை ஒரு சுற்று திருப்பிவிட்டு, முன்னால் சுருள் படம் போட்டு எரியும் சின்ன விளக்கு அணையும்வரை காத்திருப்பார். “பொறு நாயகி, உள்ள சூடாவட்டும். தூங்குறவனத் தண்ணி ஊத்தியா எழுப்புவாங்க?”

அவர் அறவே வெறுத்த சொல் ஒன்று உண்டு: இன்னும் ஓடும். அப்படிச் சொல்கிறவர்களுடைய வண்டியில் ஏறுவது எச்சில் இலையில் சாப்பிடுகிற மாதிரி என்பார்.

போன கார்த்திகையில், லாரி லாரியாக அகல் ஏறிக்கொண்டிருந்த சமயம், டீக்கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கடைசியில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எவனோ ஒருவனுடைய வண்டி. அதில் என்ன நாற்றம் அடித்ததோ, அது அவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்று இவள் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு.

இருப்பது ஒரே பெண், மோகனப்பிரியா. “எங்கப்பாவுக்கு நான் கொள்ளி வெக்கிறேன்,” என்று அவள் நின்றாள். பங்காளிகள் விடவில்லை. குருமூர்த்தி மொட்டையடித்துக்கொண்டு கொள்ளிச் சட்டி சுமந்தான். தீட்டு என்று ஒரு மாதம் வண்டியைத் தொடக் கூடாது என்றார்கள். வேப்பமரத்தடியில் பேட்டரி செத்து, டயர் காற்றிறங்கிக் கிடந்தது. மார்கழி பிறந்ததும் குருமூர்த்தி வந்தான். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான். கேட்கவில்லை. டயருக்குக் காற்றடித்து, தெருவில் போன நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளவைத்துக் கிளப்பினான். கரும்புகை வாசல் கோலத்தின் மேல் படிந்தது. கொள்ளி வைத்தவனிடம் சாவியைக் கொடு என்று எந்த வாயால் கேட்பது?

அன்றிலிருந்து அவன்தான் வாடகைக்கு ஓட்டினான். ஃபில்டரை யாரும் திறக்கவில்லை. ஆயில் தார்போல் ஆனது. எதைச் சொன்னாலும், “அது இன்னும் ஓடும் அண்ணி,” என்பான்.

சித்திரையில் எங்கிருந்தோ நான்கு டயர் வாங்கி வந்தான். “ஃபாரின் டயரு! பள்ளத்தப் பாருங்க, வெரலு உள்ள போவுது. மழையில சும்மா கவ்விப் புடிக்கும்!” தெருவே வந்து விரலை விட்டுப் பார்த்தது. செல்வநாயகியும் பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு மலையும் அதற்குள் ஆறு இதழில் ஒரு பூவும் அச்சிட்டிருந்தது.

“இது என்னா பூவு தம்பி?”

“கம்பெனி மார்க்கு அண்ணி. உங்களுக்கு எதுக்கு?”

கத்திரி வெயிலில் அந்த டயர் மென்று துப்பிய பபுள்கம் மாதிரி ஆனது. தார் ரோட்டில் ஓடி நின்றால் கருகிய வாடை. தொட்டால் விரலில் கறுப்பாக உதிர்ந்தது. பள்ளமெல்லாம் ஆடி மாதத்துக்குள் காணாமல் போனது.

இப்போது ஐப்பசி. மந்தாரக்குப்பம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போன பஸ் நின்றது. குருமூர்த்தி பிரேக்கை மிதித்தான். இரும்போடு இரும்பு உரசுகிற கீச்சொலி பல்லைக் கூசவைத்தது. வண்டி நிற்காமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய், ரோட்டை விட்டு இறங்கி, முந்திரித் தோப்பு முள்வேலியில் சாய்ந்து நின்றது. கண்ணம்மாள் செல்வநாயகியின் மடியில் கிடந்தாள்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல,” என்றான் குருமூர்த்தி. முதல் காரியமாக இறங்கித் துப்பினான்.

மெல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியதும், வண்டியை மெக்கானிக் சாமிதுரையிடம் விடச் சொல்லி இவள் கூடவே நின்றாள். சாமிதுரை சக்கரத்தைக் கழற்றி ஒரு பிரேக் கட்டையை எடுத்துக் காட்டினான். மேல்பூச்சு துளியும் இல்லை. வெறும் இரும்பு, நீலம் பாய்ந்து கிடந்தது.

“டயரு பனி பேயுற ஊருக்குச் செஞ்சது அக்கா. இந்தா, பனிப்பூவு மார்க்கு. அங்க ஓட்டித் தேஞ்சத இங்க கொண்டாந்து பள்ளம் வெட்டி, மை பூசி வித்துருக்கான். நம்ம வெயிலுக்குக் கொழகொழன்னு ஆயிடும்.”

“ஒரு பக்கத்துக்கு மட்டும் கட்டை மாத்து,” என்றான் குருமூர்த்தி. “மத்ததெல்லாம் இன்னும் ஓடும்.”

தேய்ந்த கட்டையைச் செல்வநாயகி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒரு பக்கம் மட்டும் மாற்றிய வண்டி மறுநாளே மிதிக்கும்போதெல்லாம் இடப்பக்கம் இழுத்தது. கண்ணம்மாளோ வழக்கம்போல, “தங்கராசு வண்டிதானே,” என்று ஏறினாள்.

கார்த்திகையில் தெவசம் வந்தது. சென்னையிலிருந்து மோகனப்பிரியா வந்திருந்தாள். அய்யர் போனதும் பந்தி போட்டார்கள். முதல் இலை கொள்ளி வைத்தவனுக்கு. குருமூர்த்தி வாயைக் கொப்பளிக்காமலே உட்கார்ந்தான். வடை, பாயசம் எல்லாம் பரிமாறிவிட்டுச் செல்வநாயகி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அந்த இரும்புக் கட்டையை அவன் இலையின் ஓரத்தில், உப்பு வைக்கிற இடத்தில் வைத்தாள்.

“அய்யே! என்னா அண்ணி இது, சாப்புடற எலையில?”

“அருவருப்பா இருக்குதா தம்பி? எனக்கு ஒரு வருசமா இருக்குது. சாவியக் குடுங்க. நாளைக்குக் கண்ணம்மா பெரியம்மாவ வேற ஆளு இட்டுக்கிட்டுப் போவும்.”

மூத்த நாத்தனார் தங்கம்மாள்தான் பேசினாள்: “ஏம்மா, கொள்ளி வெச்ச புள்ளையப் பாத்துக் கேக்குற பேச்சா இது?”

“வெச்சதுக்குக் காலமெல்லாம் கும்புடறேன் அண்ணி. இந்தாங்க, இப்பவும் கும்புடறேன்.” செல்வநாயகி கையெடுத்துக் கும்பிட்டாள். “அவரு பேர ஒட்டிக்கிட்டு இன்னொருத்தருக்கும் கொள்ளி வெக்க வேணாம்.”

மோகனப்பிரியா சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். குருமூர்த்தி எல்லார் முகத்தையும் பார்த்தான். யாரும் இலையிலிருந்து தலை தூக்கவில்லை. சாவியை எடுத்துப் பாயசத்தில் போட்டுவிட்டு எழுந்தான்.

“டயரு நான் வாங்குனது. அது எனக்கு வந்தாவணும்.”

“மகராசனா எடுத்துக்குங்க.”

அன்று சாயங்காலமே சாமிதுரை நான்கு டயரையும் கழற்றி அவன் வாசலில் உருட்டிவிட்டு வந்தான். புது டயர், நான்கு சக்கரத்துக்கும் கட்டை, ஆயில், இரண்டு ஃபில்டர். பழைய ஏர் ஃபில்டரைத் தட்டியபோது ஒரு படி வெள்ளைத் தூசி கொட்டியது. கூடவே செத்த கரப்பான் ஒன்று. மிதியடிகளையும் அந்த எலுமிச்சை அட்டையையும் தாயும் மகளும் குச்சியால் தூக்கிக் குப்பையில் எறிந்தார்கள். கதவில் காய்ந்த சிவப்புக் கறையைச் செல்வநாயகி மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். லேசாக மங்கியது, அவ்வளவுதான். வாடையும் முழுசாகப் போகவில்லை.

காலையில் வளவன் வந்தான், சாமிதுரை சொல்லி அனுப்பிய டிரைவர். உட்கார்ந்ததும் சாவியை முழுசாகத் திருப்பப் போனான்.

“பொறுங்க தம்பி. அந்த வெளக்கு அணையட்டும்.”

சுருள் விளக்கு எரிந்து அணைந்தது. வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது. புகையில்லை. கண்ணம்மாள் சாய்ந்து உட்கார்ந்தவள் மூக்கை உறிஞ்சி முகத்தைச் சுளித்தாள்.

“என்னாடி நாயகி, தங்கராசு வண்டியில என்னமோ நாத்தம் அடிக்குது?”

“ஒரு வருசமா அடிக்குது பெரியம்மா,” என்றாள் செல்வநாயகி. “இப்பத்தான் உனக்குத் தெரியுதா?”

கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டாள்.